ராகி விளையும் மண்ணில் வளராத பிள்ளைகள்

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். பேரப்பிள்ளைகளுக்குச் சோறூட்டும் எல்லாத் தாத்தாக்களுக்கும் இதில் வேலை உண்டு.

பிள்ளை குள்ளமாக, மெலிந்து இருந்தால், "அப்பா வழியில் எல்லோரும் குட்டைதானே" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் சிலருக்குக் காரணம் சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களின் சிறுகுடல் உட்சுவரைக் கெடுத்துவிடும். பிறகு எவ்வளவு பால் கொடுத்தாலும் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராது. வளர்ச்சி குன்றும், எலும்பு வலுவிழக்கும், இரத்தசோகையும் வரும்.

2016-இல் வெளியான இந்திய ஆய்வின்படி, வடக்கே பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் உள்ளது. நம்மிடம் அரிது என்பதாலேயே இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து, குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவதுதான். சிறு வயதிலேயே தொடங்கினால் முதலில் எடை கூடும், பிறகு உயரம் எட்டிப் பிடிக்கும், எலும்பும் பெரும்பாலும் தேறிவிடும். வளரும் வயது கடந்தபின் கண்டுபிடித்தால் இழந்த உயரம் திரும்பாது. ஆகவே சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

கோதுமையை நிறுத்தி வெறும் அரிசிச் சோறு போட்டாலும் போதாது. நம் கோலார் மண்ணின் ராகியில் குளூட்டன் இல்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. களியும் கூழும் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குவது அறியாமை. ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே ராகியையும் அரைத்தால் பயனில்லை. ரவை, சேமியா, மைதா பிஸ்கட் மட்டுமல்ல, பார்லி மால்ட் பானங்களும், கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமும் ஆகாது.

"ஒருநாள் கொஞ்சம் தின்றால் என்ன?" என்று உறவினர்கள் வற்புறுத்துவதும் தவறு. நம் சங்க விழாப் பந்தியில் ரவா கேசரிக்குப் பக்கத்தில், தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியோடு, அரிசியிலோ ராகியிலோ ஒரு பலகாரம் வைப்போம். அந்தப் பிள்ளையும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.