ரப்பர் இல்லாத ஆறு மாதம்

அக்கா மகள் இந்த ஆண்டு ஓவியக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நீர்வண்ணப் பெட்டி, அக்ரிலிக் டியூப்கள், ஆயில் பேஸ்டல், சார்கோல், மூன்று அளவில் பிரஷ்கள். எதுவும் கால்வாசிகூடத் தீரவில்லை. “எதுவுமே எனக்குக் கைக்கு வரலை மாமா. அடுத்து ஆயில் பெயின்ட் வாங்கலாம்னு இருக்கேன்” என்றாள். குரல் கம்மியது.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அரசு கவின் கலைக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். முதல் ஆண்டில் எங்கள் வாத்தியார் எல்லோருடைய ரப்பரையும் வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஆறு மாதம் கழித்துத்தான் திருப்பித் தந்தார். “தப்பான கோட்டை அழிக்காதே. பக்கத்துலயே சரியானதைப் போடு. ரெண்டும் இருக்கட்டும்” என்பார்.

விடிகாலையில் எழும்பூர் நடைமேடைக்குப் போவோம். தென் மாவட்ட ரயில்களில் வந்து இறங்கியவர்கள் மூட்டையில் தலைவைத்துக் கண்ணயர்ந்திருப்பார்கள். தூங்குகிறவரை வரையப் பத்து நிமிடமாவது கிடைக்கும். சுமைதூக்கும் தொழிலாளி பத்து விநாடிகூட நிற்கமாட்டார். தலைச்சுமைக்குக் கழுத்து எப்படி நிமிர்கிறது, கனம் எந்தக் கால் வழியாகத் தரையில் இறங்குகிறது என்பதை மட்டும் பிடிக்க வேண்டும். கண்ணும் மூக்கும் தேவையே இல்லை. முதல் இரண்டு மாதம் நான் போட்டவை எல்லாம் காலிப்பெட்டி சுமக்கும் ஆட்கள். மூன்றாம் மாதம் ஒருநாள், ஒரு பெரியவரின் பிடரியிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு விழுந்தது. அவர் படியேறி மறைந்துவிட்டதால் பெட்டியை வரையவே முடியவில்லை. ஆனாலும் அந்தக் கோட்டில் பெட்டியின் கனம் இருந்தது.

பிறகுதான் சார்கோல். புளியங்குச்சியைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியில் சின்ன ஓட்டை போட்டு, அடுப்பில் சுட்டு நாங்களே கரி செய்துகொள்வோம். ஓட்டையில் புகை நின்றதும் இறக்கி, நன்றாக ஆறவிட்டுத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சி சாம்பலாகிவிடும். கலம்காரி ஓவியர்கள் துணியில் முதல் கோடு போடுவதும் இந்தப் புளியங்கரியால்தான். பென்சிலில் கோடாகத் தெரிந்த அதே நடைமேடை, கரியைக் கையில் எடுத்ததும் நிழலாகவும் வெளிச்சமாகவும் தெரிந்தது.

நீர்வண்ணத்துக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டவன். அதில் தாள்தான் வெள்ளை. எங்கே வெளிச்சம் என்பதை பிரஷ் தொடும் முன்பே முடிவு செய்து, அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். மழைக்காலக் காலையில் காசிமேட்டில் வானத்துக்கு நீர்த்த வண்ணத்தால் ஒரு வாஷ் போட்டால் அரைமணி ஆனாலும் காயாது. பொறுக்காமல் படகின் கறுப்பை வைத்தால் அது வானத்துக்குள் ஓடிவிடும். அதே வாஷை மே மாதம் மாமல்லபுரத்தில் போட்டால், பிரஷ் மறு ஓரம் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். ஊரின் காற்றையும் வெயிலையும் கணக்கில் வைக்காமல் நீர்வண்ணம் பழக முடியாது.

தைலவண்ணத்தில் எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடியது மேலே வரவேண்டும். அவசரத்தில் மாற்றிச் செய்தேன். அடியில் லின்சீட் எண்ணெய் தளும்பப் பூசி, மேலே டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பூச்சு. சில மாதங்களில் மேல்பூச்சு வெடித்தது. நான் வரைந்திருந்தது அம்மாவின் முகம். வலது கன்னத்தில் வெடிப்போடு அந்த கேன்வாஸ் இன்னும் என் அறையில் இருக்கிறது.

ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். கறுப்பு மையில் அவர் வரைந்த காந்தி வரிசையையும், கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் போட்ட கோட்டோவியங்களையும் எடுத்துக் காட்டினேன். பின்னாளில் அவரே பெரிய கேன்வாஸ்களில் உருவங்களை விட்டு நிறத்துக்குள் போனார். கோட்டில் அத்தனை காலம் ஊறிய கை என்பதால்தான் அந்த நிறங்கள் அப்படி உறுதியாக நிற்கின்றன என்பது என் எண்ணம். ஊடகம் மாற்றுவது தப்பே இல்லை. ஒன்று கைக்கு வரவில்லை என்று இன்னொன்றுக்கு ஓடும்போது அந்தக் குறையும் கூடவே வந்துவிடுகிறது. நீர்வண்ணத்தில் வராத கழுத்து எண்ணெயிலும் வராது.

ஆயில் பெயின்ட்டுக்கு அவள் வைத்திருந்த பணத்தில் ஒரு கட்டுத் தாளும் நாலு மைப் பேனாவும் வாங்கிக் கொடுத்தேன். இந்த வாரம் முழுக்க விடிகாலையில் எழும்பூர் போகிறாள். வரைவதைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். சிலர் எழுந்தே போய்விடுகிறார்களாம்.

நீங்கள் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, ஒரு பிள்ளை மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள்.