குழு வேண்டுமா நகரத்துக்கு? முதலில் அரங்கத்தின் கணக்கைப் பாருங்கள்

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் போட்டியில் 2007ஆம் ஆண்டு டொரோண்டோ குழு சேர்ந்தபோது அதன் உரிமையாளர்கள் கட்டிய நுழைவுக் கட்டணம் 10 மில்லியன் அமெரிக்க டாலர். 2025இல் 30ஆவது குழுவாகச் சேர்ந்த சான் டியாகோ கட்டியது 500 மில்லியன் டாலர். பதினெட்டு ஆண்டுகளில் ஐம்பது மடங்கு.

இந்தப் பணத்தில் ஒரு வீரரைக்கூட வாங்க முடியாது. அரங்கத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. லீக்கில் ஓர் இடம் பிடிக்க மட்டுமே அது. அரங்கம், பயிற்சித் திடல், சம்பளம் எல்லாம் தனிச் செலவு. அப்படியும் இடத்துக்காகக் காத்திருக்கும் நகரங்கள் உண்டு.

புதுக் குழு எந்த நகரத்துக்கு? அரங்கம் எந்த இடத்தில்? செலவு யாருடையது? விளையாட்டுப் பக்கத்தில் வரும் இந்தக் கேள்விகளுக்குள் பொருளியல், நகரத் திட்டமிடல், மக்களாட்சி மூன்றும் இருக்கின்றன. அமெரிக்க லீக்கின் முப்பது ஆண்டு அனுபவத்தைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. குழு கிடைத்தால் போதும் என்று கையெழுத்திட்ட ஊரைவிட, "பணம் யாருடையது?" என்று கேட்டு வாக்குப்பெட்டியில் மறுத்த ஊர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன.

ஏலம் போல நடப்பது ஏன்?

இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்க் குழு தொடர்ந்து வென்றால் ஒவ்வொரு பிரிவாக ஏறி பிரிமியர் லீக்கை எட்டலாம். தோற்றால் இறங்க வேண்டும். அமெரிக்க லீக்கில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அது மூடிய கதவு. உள்ளே வர ஒரே வழி, லீக் நடத்தும் தேர்வில் வெல்வதுதான்.

1996இல் 10 குழுக்களுடன் தொடங்கிய லீக்கில் இன்று 30 குழுக்கள். அவற்றில் மூன்று கனடாவில் உள்ளன. புதிதாகச் சேரும் குழு கட்டும் கட்டணம் ஏற்கனவே உள்ள உரிமையாளர்களுக்குப் போய்ச் சேருகிறது. இடங்கள் குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருக்கும்வரை விலை ஏறத்தான் செய்யும். தேவையும் வழங்கலும் பற்றிப் பள்ளியில் படிக்கும் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

லீக் பார்ப்பது பெரும்பாலும் மூன்றை. பல ஆண்டு நட்டத்தைத் தாங்கக்கூடிய செல்வந்த உரிமையாளர், தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் ஏற்ற மக்கள்தொகை, உறுதியான அரங்கத் திட்டம். முதல் இரண்டும் பல நகரங்களிடம் இருக்கும். இழுபறி பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

பெரிய அரங்கம், காலி இருக்கைகள்

தொடக்கத்தில் லீக்கிடம் சொந்த அரங்கமே இல்லை. அமெரிக்கக் காற்பந்து எனப்படும் வேறு விளையாட்டுக்காகக் கட்டிய மாபெரும் அரங்கங்களை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். கொலம்பஸ் குழு ஆடிய ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அரங்கத்தில் ஏறத்தாழ 90,000 பேர் அமரலாம். 20,000 பேர் திரண்டு வந்தாலும் அங்கே வெறிச்சோடிய தோற்றம்தான். வாகன நிறுத்துமிடம், உணவுக்கடை போன்றவற்றின் வருமானத்தில் பெரும்பகுதி அரங்க உரிமையாளருக்குப் போகும். எந்த நாளில் ஆடலாம் என்பதையும் அவரே முடிவு செய்வார்.

அதனால் சொந்த அரங்கம் தேவைப்பட்டது. 1997இல் கொலம்பஸ் வட்டார மக்களிடம் விற்பனை வரியைக் கூட்டி ஓர் உள்ளரங்கமும் ஒரு காற்பந்து அரங்கமும் கட்டலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் மறுத்தார்கள். குழுவின் முதலீட்டாளர் லமார் ஹண்ட் வேறு வழியின்றித் தம் பணத்தை எடுத்தார். மாநிலப் பொருட்காட்சித் திடலில், சுமார் 28.5 மில்லியன் டாலரில், ஆடம்பரம் எதுவும் இல்லாத அரங்கம் ஒன்று 1999இல் எழுந்தது. இந்த லீக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் காற்பந்து அரங்கம் அதுதான். மக்கள் "இல்லை" என்றதன் பிறகு பிறந்த அரங்கம் என்பதை மறந்துவிடக்கூடாது.

சொந்தத் திடல் இல்லாதவர்களின் கதி வேறு. 2002 தொடக்கத்தில் தெம்பா பே, மயாமி ஆகிய இரு குழுக்களையும் லீக் கலைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 2005இல் தொடங்கிய சீவாஸ் யுஎஸ்ஏ குழு, அதே வட்டாரத்தின் இன்னொரு குழுவான கேலக்ஸியின் அரங்கத்தில் குடியிருந்தது. ரசிகர்கள் குறைந்துகொண்டே போக, 2014 பருவத்தோடு அதுவும் மூடப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த எல்ஏஎஃப்சி, நகரின் நடுப்பகுதியை ஒட்டி, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், 22,000 இருக்கை கொண்ட அரங்கத்தைத் தனியார் பணத்தில் கட்டி 2018இல் ஆடத் தொடங்கியது. இன்று லீக்கின் வலுவான குழுக்களில் அது ஒன்று. இரண்டு குழுக்களுக்கும் வட்டாரம் ஒன்றுதான்.

பெரிய அரங்கம் என்றாலே தோல்வி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அட்லாண்டா குழு 2017இல் ஆடத் தொடங்கி, அதே பருவத்தில் ஒரு பிரமாண்ட அரங்கத்துக்குக் குடிபுகுந்து, முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 48,000க்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. அந்த அரங்கம் நகர நடுவில் உள்ளது. ரயில் வசதி உண்டு. அங்கே ஆடும் அமெரிக்கக் காற்பந்துக் குழுவுக்கும் இந்தக் குழுவுக்கும் உரிமையாளர் ஒருவரே. ஆகவே தேதிக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இருக்கை எண்ணிக்கையைவிட, அரங்கத்தின் சாவி யார் கையில் இருக்கிறது, ரசிகர் எப்படி வந்து சேருவார் என்பவைதான் முக்கியம்.

அகலக்கால் வைத்த சிற்றூர்

சிகாகோ நகரை ஒட்டிய பிரிட்ஜ்வியூ என்ற சிற்றூரில் வாழ்வோர் சுமார் 16,000 பேர். சிகாகோ ஃபயர் குழுவைத் தம் ஊருக்கு வரவழைக்க, கடன் பத்திரங்கள் வெளியிட்டு 2006இல் 20,000 இருக்கை அரங்கம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அரங்கத்தைச் சுற்றி உணவகங்களும் கடைகளும் வரும், வரி வருமானம் பெருகும், கடன் தானாக அடைந்துவிடும் என்பது கணக்கு.

எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. சிகாகோவின் நகர ரயில் அந்த ஊர்வரை போவதில்லை. நகரத்து இளையர்கள் அவ்வளவு தூரம் வரத் தயங்கினார்கள். கடன் தவணையைக் கட்டச் சொத்து வரியை ஏற்ற வேண்டியதாயிற்று. ஆட்டத்தைப் பார்க்கவே போகாத வீட்டுக்காரரும் அரங்கத்துக்காக வரி கட்டினார். 2019இல் குழுவும் புறப்பட்டது. ஒப்பந்தத்தை மாற்ற 65.5 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு, அது மீண்டும் சிகாகோ ஏரிக்கரையின் பழைய பெரிய அரங்கத்துக்குப் போனது. அரங்கமும் எஞ்சிய கடனும் ஊருக்கு மிஞ்சின.

அதே குழு 2025 ஜூன் மாதம் புதிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. சிகாகோவின் மையப் பகுதிக்கு அருகே, 22,000 இருக்கைகளுடன், 650 மில்லியன் டாலரில் அரங்கம் கட்டப்படும்; செலவை உரிமையாளர் ஜோ மன்சுவேட்டோவே ஏற்பார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் தலையில் ஏற்றிய சுமையை இப்போது உரிமையாளரே சுமக்கிறார்.

மறுத்த நகரங்கள்

செயின்ட் லூயிஸ் நகரம் ஏற்கனவே சூடுபட்ட ஊர். பொதுப்பணத்தில் கட்டிய உள்ளரங்கத்தை விட்டுவிட்டு, அங்கிருந்த அமெரிக்கக் காற்பந்துக் குழு 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டது. மறு ஆண்டு ஏப்ரலில், புதிய காற்பந்து அரங்கத்துக்கு 60 மில்லியன் டாலர் பொதுப்பணம் தரலாமா என்று கேட்டபோது வாக்காளர்கள் மறுத்தார்கள். இனி இந்த ஊருக்குக் குழு கிடையாது என்றே பலர் எழுதினார்கள்.

நடந்தது வேறு. வாடகைக் கார் தொழிலில் செல்வம் சேர்த்த டெய்லர் குடும்பம், பெரும்பாலும் தன் பணத்திலேயே அரங்கம் கட்ட முன்வந்தது. நகரம் வரிச் சலுகைகள் தந்தது. 2019 ஆகஸ்டில் குழு கிடைத்தது. நகர மையத்தில் 22,500 இருக்கைகளோடு அரங்கம் 2022இல் திறந்தது. முதல் பருவமான 2023இலேயே குழு மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது.

சான் டியாகோவின் கதையும் அதைப் போன்றதே. 2018 நவம்பரில், பழைய அரங்கம் நின்ற பொது நிலத்தைத் தனியார் முதலீட்டாளர்களிடம் கொடுத்துக் காற்பந்து அரங்கமும் குடியிருப்பும் கட்டும் திட்டத்தை மக்கள் நிராகரித்தார்கள். அந்த நிலத்தை அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விற்கும் திட்டத்தை ஆதரித்தார்கள். பல்கலைக்கழகம் 35,000 இருக்கை அரங்கத்தை 2022இல் திறந்தது. பக்கத்திலேயே டிராம் நிலையம். அதன் பிறகுதான் 500 மில்லியன் டாலரோடு உரிமையாளர்கள் வந்தார்கள். இன்று மாணவர் விளையாட்டுக்கும் தொழில்முறைக் குழுவுக்கும் அதே அரங்கம் பயன்படுகிறது. இந்தக் குழுவும் முதல் பருவத்தில் மேற்குப் பிரிவின் முதலிடத்தைப் பிடித்தது.

வாக்குச்சீட்டு கோல் அடித்தது என்று சொல்ல வரவில்லை. ஆட்டத்தை வென்றது வீரர்களும் பயிற்றுநர்களும்தான். மக்கள் மறுத்ததால் பேரம் மாறியது என்பதே செய்தி. குழுவுக்கு உண்மையான மதிப்பு இருந்தால், பணம் உள்ளவர் தம் பணத்தோடு திரும்பி வருவார்.

எல்லா ஊருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. தனியார் பணத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. கலிபோர்னியாவின் தலைநகர் சேக்ரமெண்டோவுக்கு 2019 அக்டோபரில் குழு அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் இருந்தார்கள், பழைய ரயில்வே பணிமனை வளாகத்தில் நிலம் இருந்தது. 2021 பிப்ரவரியில் முக்கிய முதலீட்டாளர் விலகினார். ஒரு மனிதர் மனம் மாறியதும் ஒரு நகரத்தின் கனவு நின்றது. அந்த ஊரின் கீழ்ப்பிரிவுக் குழு 2022இல் மேல் லீக்கின் குழுக்களை வீழ்த்தி, தேசியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டம்வரை போனது. ஆனாலும் மூடிய லீக்கில் திறமை மட்டும் கதவைத் திறக்காது.

இன்னொரு ஆபத்து மிரட்டல். முதல் அரங்கம் கட்டிய அதே கொலம்பஸ் குழுவை, 2017இல் அன்றைய உரிமையாளர் டெக்சஸின் ஆஸ்டின் நகருக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார். ரசிகர்கள் தெருவில் இறங்கி இயக்கம் நடத்தினார்கள். மாநில அரசு நீதிமன்றம் போனது. இறுதியில் உள்ளூர் முதலீட்டாளர்கள் குழுவை வாங்கினார்கள். ஆஸ்டினுக்குத் தனிக் குழு கிடைத்தது. ஆனால் 2021இல் திறந்த கொலம்பஸின் புதிய அரங்கத்துக்கு இம்முறை நகரமும் கவுண்டியும் பொதுப்பணத்தில் பங்கு போட்டன. குழு போய்விடும் என்ற அச்சத்தில், 1997இல் மக்கள் மறுத்த பணம் பின்னாளில் வேறு வழியாகக் கொடுக்கப்பட்டது.

பதினேழு நாள் கணக்கு

அரங்கம் வந்தால் ஊர் வளரும் என்பது ஒவ்வொரு திட்டத்திலும் கேட்கும் வாதம். இந்த லீக்கில் ஒரு குழு முதல் சுற்றில் 34 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் பாதி, 17 ஆட்டங்கள், சொந்தத் திடலில். ஆண்டின் 365 நாளில் பதினேழு நாள் கூட்டத்தை நம்பி ஓர் உணவகம் பிழைக்க முடியுமா?

மேலும், ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணத்துக்கு அளவு உண்டு. ஆட்டத்துக்குச் செலவழித்தால், திரையரங்குக்கோ வேறு உணவகத்துக்கோ போகும் செலவு குறையும். ஊருக்குள் பணம் இடம் மாறுகிறது, பெருகுவது சொற்பம். அரங்கங்களுக்குத் தரும் பொதுப்பணத்தை அதனால் வரும் வளர்ச்சி ஈடுகட்டுவதில்லை என்பதில் பெரும்பாலான பொருளியல் ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். ஊர்ப் பெருமை, ஒற்றுமை, இளையர்களுக்கு ஓர் ஈர்ப்பு ஆகியவை உண்மையான நன்மைகள்தாம். அவற்றுக்காக மக்கள் பணம் தர விரும்பலாம். ஆனால் "லாபம் வரும்" என்று சொல்லி அதைக் கேட்கக்கூடாது.

நமக்கு என்ன?

இது அமெரிக்காவோடு முடியும் கதையல்ல. 1994இல் சுமார் 80,000 இருக்கைகளோடு திறந்த ஷா ஆலம் அரங்கம், பாதுகாப்புக் காரணங்களால் 2020இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் திட்டமிடப்பட்டுள்ள புதிய அரங்கத்துக்கு 45,000 இருக்கைகள். அளவு குறைந்திருப்பது நல்ல பாடம். எல்ஆர்டி ஷா ஆலம் தடத்தில் அரங்கத்தின் பெயரிலேயே நிலையம் இருப்பது அதைவிட நல்ல செய்தி. மாநில நிலத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு தனியார் நிறுவனம் கட்டுவது இத்திட்டத்தின் வழிமுறை. ரொக்கம் கைமாறாவிட்டாலும் நிலமும் மக்கள் சொத்துதான்.

அடுத்த முறை எங்காவது அரங்கமோ புதிய குழுவோ அறிவிக்கப்பட்டால், மாதிரிப் படத்தின் அழகை ரசித்த பிறகு நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கார் இல்லாத மாணவர் அங்கே எப்படிப் போவார்? ஆட்டம் இல்லாத மற்ற நாள்களில் அங்கே என்ன நடக்கும்? நட்டம் வந்தால் யார் கட்டுவார்? குழு போய்விட்டால் கடன் யாரிடம் தங்கும்? பிரிட்ஜ்வியூ மக்கள் கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பல ஆண்டுகள் வரியாகக் கட்டி விடை தெரிந்துகொண்டார்கள். நாம் அவற்றை அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே கேட்கலாம்.