ஊட்டி ரோடும் பழைய காரும்

பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. மாமாவின் 1996 மாடல் மாருதி 800 திடீரென்று இழுவை இழந்து, திணறித் திணறி நின்றது. பின்சீட்டில் பாட்டி, பின்னால் பஸ். சக்கரத்துக்குக் கல் வைக்க ஓடியது நான்தான்!

"பழைய வண்டி, மலை ரோடு, அப்படித்தான் இருக்கும். கார்புரேட்டரை மாத்திடுங்க" என்றார் பிறகு பார்த்த மெக்கானிக்.

எனக்கு இதில் உடன்பாடில்லை நண்பர்களே. உயரம் இழுவையைக் குறைக்கும், உண்மைதான். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்று மெலிவதால், இந்த மாதிரி என்ஜின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஆனால் அது ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. திடீரென்று போனால் காரணம் வேறு.

ஆகவே "எதை மாற்றலாம்?" என்று கேட்பதற்கு முன், "எப்போது, எப்படி இழுவை போனது?" என்று கேட்க வேண்டும். சமதளத்தில் நன்றாக ஓடி ஏற்றத்தில் மட்டும் திணறினால், பெட்ரோல் போதாமல் இருக்கலாம். முதலில் பில்டரைப் பாருங்கள். சுவிட்சை அணைத்தது போல் பட்டென்று நின்றால், பெரும்பாலும் ஸ்பார்க் பக்கம் கோளாறு. சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம், காயிலும் சூடாகியிருக்கலாம்.

எங்கள் வண்டியில் அடைத்திருந்தது அந்தச் சின்ன பில்டர்தான். மெக்கானிக் சொன்னதைக் கேட்டிருந்தால் காசு மட்டுமா போயிருக்கும்? புது கார்புரேட்டரோடு அதே வளைவில், அதே பாட்டியோடு மறுபடி நின்றிருப்போம்.