எழுபத்திரண்டில் ஒன்று

பொம்மை வாங்குவதற்கெல்லாம் ஒரு கொள்கையா என்று கேட்பவர்களோடு எனக்கு வெகு நாளாகச் சண்டை. திண்ணையில் போட்டிருக்கிறேன், பஸ்ஸில் போட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் போட்டிருக்கிறேன். பந்தியில் போட்ட அன்று பாயசம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஆகவே இந்தத் தடவை எழுத்தில் போடுவதென்று தீர்மானித்தேன்.

எந்தப் பொம்மை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, வர்ணம் பூசி, இறக்கையில் தேசச் சின்னமும் வாலில் நம்பரும் பதித்து விற்கிறார்களே, அந்தப் போர் விமானப் பொம்மைகள். 'டைகாஸ்ட்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பட்டணத்துப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு இது என்று நினைத்துவிட வேண்டாம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கண்டாச்சிபுரம். இங்கே விமான நிலையம் இல்லை. ஆனால் பார்சல் வருகிறது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப் படை சாகசம் காட்டியதே, அதன் பிறகு எங்கள் பக்கத்திலும் இந்த ஆசை பிடித்தவர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஆசையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவில்தான் ஆட்சேபம்.

அளவு என்றால் என்ன? நிஜ விமானத்தை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது. பெட்டியின் மேல் 1:72 என்று போட்டிருந்தால் எழுபத்திரண்டில் ஒன்று. 1:48, 1:144, 1:200 என்றும் உண்டு. இதென்ன, ஐம்பது, நூறு என்று முழு எண்ணாக வைக்காமல் எழுபத்திரண்டு, நாற்பத்தெட்டு என்று கோணல் கணக்கு என்று தோன்றலாம். அடிக்கணக்கில் வீட்டு மனை வாங்குகிற நமக்கு இது கோணலே அல்ல. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்தால் நாற்பத்தெட்டு. பன்னிரண்டு அடிக்கு ஓர் அங்குலம் என்றால் நூற்று நாற்பத்து நான்கு. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்றால் எழுபத்திரண்டு. அதாவது ஆறடி மனிதன் ஓர் அங்குலம். விமானத்துக்குள் உட்காருகிறவன் மனிதன்தானே? அவனைக் கொண்டு அளப்பது நியாயமான அளவு.

1930-களில் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற மரத் தொகுப்புகள் இந்த அளவில் வந்தன. 1936-இல் 'ஃபிராக் பெங்குவின்' என்ற பிளாஸ்டிக் தொகுப்புகள் வந்தபோது அவையும் இதே அளவு. அப்புறம் யுத்தம் வந்தது. 1942-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து கொடுங்கள் என்று கேட்டது. விளையாடுவதற்கு அல்ல. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சிப்பாய்கள் கண்டுபிடிக்கப் பழகுவதற்கு. எல்லாவற்றையும் எழுபத்திரண்டில் ஒன்றாகவே செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

ஏன் அந்த நிபந்தனை? கணக்கைப் போட்டுப் பாருங்கள். 35 அடி தள்ளித் தொங்கவிட்ட பொம்மை, 2,520 அடி தூரத்தில், ஏறக்குறைய அரை மைலில், நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். ஒரு விமானம் 72-லும் அடுத்த விமானம் 48-லுமாகத் தொங்கினால் சிப்பாயின் கண் கெட்டுப்போகும். தூரத்தைத் தப்பாக எடை போடுவான். தன் ஆளையே சுட்டாலும் சுடுவான். பொம்மைதானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதே யுத்தத்துக்காக எங்கள் பக்கத்தில் உளுந்தூர்ப்பேட்டையில் வெள்ளைக்காரர்கள் ஓடுபாதை போட்டார்கள். போர் விமானம் என்பது விழுப்புரத்துக்காரர்களுக்கு அப்படியொன்றும் அந்நிய சமாசாரம் அல்ல.

இனி என் எதிராளிகளுக்கு வருகிறேன். முதல் எதிராளி, பெட்டி அளவுக்காரர். பெட்டி ஒரே அளவு. அதற்குள் அடங்கும்படி எந்த விமானத்தையும் சுருக்கிக்கொள்வது அவர் வழக்கம். 1973-இல் வந்த மாட்ச்பாக்ஸ் 'ஸ்கை பஸ்டர்ஸ்' வரிசையில் நானூறு பேர் போகும் ஜம்போ விமானமும் ஒருவர் போகும் சண்டை விமானமும் ஏறக்குறைய ஒரே உள்ளங்கையில் அடங்கும். அதன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது குழந்தைகள் தரையில் ஓட்டுவதற்குச் செய்த சாமான். அப்படித்தான் சொல்லி விற்றார்கள். என் கோபமெல்லாம், படையணியின் பெயரும் நம்பரும் பொறித்த விமானத்தை ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, அளவைப் பற்றி மட்டும் "எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்கிற பெரியவர்கள் மேல்தான். நம்பர் எழுதிய பொருள் சாட்சி சொல்ல வந்த பொருள். சாட்சி உயரத்தை மாற்றிச் சொல்லலாமா?

விழுப்புரத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். நல்ல மனிதர், கை தாராளம். அவர் வீட்டு ஹாலில் ஓர் அலமாரி. "பாருங்க சார், நம்ம நாட்டும் அவங்க சேபரும்! பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன்" என்றார். பார்த்தேன். நாட் விமானம் 48-இல் ஒன்று. சேபர் 72-இல் ஒன்று. நண்பர் தம் எட்டு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "சின்ன விமானம் பெரிய விமானத்தை அடிச்சுதுன்னு சொன்னேனே, எதுடா சின்னது, மாமாவுக்குக் காட்டு" என்றார். பிள்ளை சற்றும் தயங்காமல் சேபரைக் காட்டினான்.

பிள்ளையின் மேல் என்ன தப்பு? நிஜ நாட் விமானத்தின் நீளம் 8.74 மீட்டர். 48-இல் ஒன்றாக்கினால் 18 சென்டிமீட்டர். நிஜ சேபர் 11.4 மீட்டர். 72-இல் ஒன்றாக்கினால் 16 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகக் குள்ளன் நெட்டையனாகிவிட்டான், நெட்டையன் குள்ளனாகிவிட்டான். இரண்டையும் 72-லேயே வாங்கியிருந்தால் நாட் 12 சென்டிமீட்டர்தான். சேபருக்குப் பக்கத்தில் தம்பி மாதிரி நிற்கும்.

அந்தக் குள்ளத்தனம்தான் நாட் விமானத்தின் கதையே. அவ்வளவு சிறிய விமானம் வானத்தில் எதிரியின் கண்ணுக்கு லேசில் அகப்படாது. பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அதைக் கட்டினோம். 1965 யுத்தத்துக்குப் பிறகு 'சேபர் கொல்லி' என்ற பெயரே அதற்கு வந்துவிட்டது. 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் விமான தளத்தை ஆறு சேபர்கள் தாக்கின. குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நாட் விமானத்தில் மேலே கிளம்பிப் போராடி உயிர் விட்டார் நிர்மல்ஜித் சிங் செக்கோன். நமது விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவர் எதில் உட்கார்ந்து, எதை எதிர்த்தார் என்பதை அந்தப் பிள்ளையின் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி இருந்தது. அதை அலமாரியே கெடுத்துவிட்டது. வீரனுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அவன் வீரத்தில் பாதியை எடுத்துவிட்டோம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். எனக்குத் தெரியும். "நவராத்திரிக் கொலுவில் யானையைவிடச் செட்டியார் பெரிதாக உட்கார்ந்திருக்கிறாரே, பண்ருட்டிப் பொம்மைக்கு ஸ்கேல் உண்டா?" என்பார்கள். கொலுப்படி வேறு, ஐயா! அங்கே பக்தி இருக்கிறது, அலங்காரம் இருக்கிறது, பாட்டி வாங்கிய பொம்மை, அம்மா வாங்கிய பொம்மை என்று குடும்பத்தின் சரித்திரமே இருக்கிறது. இன்ன யானை இன்ன உயரம் என்று அங்கே யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. நடராஜர் காலடியில் முயலகன் சிறுத்துக் கிடப்பதும் அப்படியே. அது தத்துவத்தின் அளவு. நம் ஸ்தபதிகள் அளவில்லாமலும் செய்யவில்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து, ஒன்பது தாளம், பத்துத் தாளம் என்று உடம்பு முழுவதையும் அந்த ஒரே அளவால்தான் வகுத்தார்கள். அளவை மீறுவதற்குக்கூட அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது எதிராளி, பெரிசு விரும்பி. "அளவு ஒன்றாக இருக்க வேண்டும், சரி. அந்த ஒன்று நாற்பத்தெட்டாகவே இருக்கட்டும், கம்பீரமாக இருக்கும்" என்பார். அவர் வாதத்தில் நேர்மை இருக்கிறது. ஆனால் அவர் வீட்டில் இடம் இருக்கிறதா? 2020 ஜனவரி 20-ஆம் தேதி தஞ்சாவூரில் சுகோய்-30 படையணி தொடங்கியதே, அந்த விமானத்தின் நீளம் ஏறக்குறைய 22 மீட்டர். 72-இல் ஓர் அடி. நம் வீட்டு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். 48-இல் ஒன்றரை அடி, கதவு சாத்தாது. நீளம் ஒன்றரை மடங்குதானே என்று ஏமாற வேண்டாம். தட்டில் அடைக்கிற இடம் இரண்டேகால் மடங்கு. கன அளவு மூன்று மடங்குக்கும் மேல். விலையும் அந்தத் திசையில்தான் ஏறும். மாதச் சம்பளக்காரர் இரண்டு வாங்கிவிட்டு மூன்றாவதற்குள் அலுத்துப்போவார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லாமல் தனியாக நிற்கிற பொம்மைக்கு அளவு இருந்தும் பிரயோஜனம் என்ன?

மூன்றாவது எதிராளி, எல்லாம் வேண்டும் என்கிறவர். நம் படையின் சி-17 சரக்கு விமானமும் வேண்டும், நாட்டும் வேண்டும். சி-17 விமானம் 53 மீட்டர். 72-இல் வாங்கினால் 73 சென்டிமீட்டர் நீளமும் கிட்டத்தட்ட அதே அகலமும் வந்து நிற்கும். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆகையால் அவர் இருநூறில் ஒன்றுக்குப் போகிறார். சரக்கு விமானம் 26 சென்டிமீட்டரில் அழகாக அமர்ந்துவிடும். ஆனால் நாட் நான்கரை சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். அது விமானமா, வெட்டுக்கிளியா? வாலில் உள்ள நம்பரைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். பயணிகள் விமானம் சேர்ப்பவர்களுக்கு அந்த அளவு சரி. சண்டை விமானம் சேர்ப்பவர்களுக்குச் சரியல்ல. அவர்கள் சரக்கு விமானத்தை விட்டுவிடட்டும். எதை வாங்குவதில்லை என்று தெரிந்துகொள்வதில்தான் சேகரிப்பே ஆரம்பமாகிறது. மற்றதெல்லாம் சாமான் குவிப்பது.

இதற்கெல்லாம் மேலைநாட்டுப் புத்தகம் தேட வேண்டியதில்லை. கண்டாச்சிபுரத்துக்காரனுக்குத் திருக்கோவலூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உலகளந்த பெருமாள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். வாமனனாக வந்து மூன்றடி மண் கேட்டவர் அவர். மண்ணை ஓர் அடியாலும் விண்ணை ஓர் அடியாலும் அளந்தார். இரண்டையும் அளந்தது ஒரே கால். மண்ணுக்கு ஓர் அளவுகோலும் விண்ணுக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருந்தால் மகாபலி ஒப்புக்கொண்டு தலையைக் கொடுத்திருப்பானா? கணக்கில் தகராறு பண்ணியிருப்பான்!

ஆகவே என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டு அலமாரிக்கு ஓர் அளவு. நடுத்தரக் குடும்பத்தில் போர் விமானம் சேர்ப்பவருக்கு அந்த அளவு எழுபத்திரண்டில் ஒன்று. கையில் எடுத்தால் கனம் தெரியும், நம்பர் படிக்கும்படி இருக்கும், தட்டில் அடங்கும். இந்த அளவில் செய்கிற கம்பெனிகளும் அதிகம் என்பதால் இன்று ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று என்று நிதானமாகச் சேர்க்கலாம். வேறு அளவில் யாராவது அன்பளிப்புக் கொடுத்தால் மறுக்க வேண்டாம். வாங்கி வேறு தட்டில் வையுங்கள். பெட்டியின் மேல் அளவே போடாத பொம்மையை, அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இது அவசரமாகவும் ஆகிவிட்டது. 1963-இல் நம் படைக்கு வந்த மிக்-21 விமானம், 62 வருஷம் பறந்துவிட்டு, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. நாட் விமானம் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது. செக்கோன் இருந்த பதினெட்டாம் படையணி, 2020 மே 27-ஆம் தேதி நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கியது. அந்தத் தேஜஸும் சின்ன விமானம்தான். 72-இல் 18 சென்டிமீட்டர். நாட், மிக், தேஜஸ் மூன்றையும் ஒரே அளவில் ஒரே தட்டில் வைத்துப் பாருங்கள்: பன்னிரண்டு, இருபது, பதினெட்டு. அறுபது வருஷச் சரித்திரம் ஒரு முழத் தட்டில் நிற்கும். நிஜ விமானங்களை வானத்தில் பார்க்க முடியாத பிள்ளைகள் இனி அந்தத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். எது சின்னது என்று கேட்டால் அவர்கள் சரியாகக் காட்ட வேண்டும். விழுப்புரத்து நண்பருக்கு இதைக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.