தடக்குழுவின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட சிலிக்காத் தூசி விதியை, எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் நிறுத்தி வைத்தது. வழக்குப் போட்டவர்களில் மணல், ஜல்லி உற்பத்தியாளர் சங்கமும் உண்டு. சுரங்க வழக்குக்கும் டிரக் இழுவைப் போட்டிக்குத் தடம் போடும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நமக்கு மண் தரும் வணிகக் குவாரிகள் அந்த விதிக்கு உட்பட்டவை. குவாரியில் லோடர் ஓட்டுபவருக்கான பாதுகாப்பு தள்ளிப்போயிருக்கிறது. அதே மண் மைதானத்துக்கு வந்த பிறகு அதைப் பரப்பி, உருட்டி, இழுத்துச் சமன் செய்பவர்களில் பலருக்குப் பாதுகாப்பே கிடையாது.

மணல் மைதானத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. வெறும் மணலுக்குப் பிடிப்பு இல்லை. முதல் சில இழுவைகளிலேயே டயர் குழி பறித்துவிடும், முழு இழுவைக்கான 300 அடி என்பது பெயருக்குத்தான் இருக்கும். அதனால் மேல்மணலை வழித்துவிட்டுக் களிமண் கொட்டி, அடுக்கடுக்காக நனைத்து, ஷீப்ஸ்ஃபூட் ரோலரால் இறுக்குகிறோம். அடியில் மணல் இருப்பதால் கீழிருந்து ஈரம் ஏறிவருவது அறுந்துபோகிறது. கருமண் வயல்மீது போட்ட தடத்துக்கு இரவில் ஓரளவு ஈரம் மீளும். மணல்மீது போட்ட தடத்துக்கு நாம் ஊற்றுகிற தண்ணீர் மட்டுமே கதி. மதிய வெயிலில் மேல் இரண்டு அங்குலம் காய்ந்துவிட்டால், ஒவ்வொரு இழுவைக்குப் பின்னும் பாக்ஸ் பிளேடு கிளப்புவது முழுக்கத் தூசிதான்.

மணல் துகள் நுரையீரலின் அடிவரை போகாது என்பது சரியே. ஆனால் ரோலரும் டயரும், வண்டிகள் இழுக்கும் ஸ்லெட்டின் தட்டும் அரைத்த பொடி போகும். கொண்டுவரும் களிமண்ணோடு கலந்திருக்கும் வண்டலிலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, உண்டு. அந்தத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தபின் அதைத் திருப்ப மருந்தில்லை.

தொழிலகங்களுக்கான 2016ஆம் ஆண்டு விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா என்று வரம்பு வைத்தது. வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அதை உறுதியும் செய்தது. நல்ல விதி. ஆனால் அது சம்பளம் பெறும் தொழிலாளிக்கானது. விவசாய வேலைகள் அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. கவுன்டிச் சந்தைகளில் தடம் போடுபவர்கள் யார்? தங்கள் சொந்த டிராக்டரைக் கொண்டுவரும் விவசாயிகள், தண்ணீர் லாரி ஓட்டும் ஓய்வுபெற்றவர்கள், பள்ளி முடித்த பிள்ளைகள். கூலி வாங்காமல் ஊருக்காக உழைக்கும் இவர்களைத்தான் சட்டம் கணக்கிலிருந்து கழற்றிவிட்டது. வண்டி ஓட்டுபவருக்குத் தீத்தடுப்பு உடையும் கில் சுவிட்சும் கட்டாயமாக்கத் தெரிந்த நமது அமைப்புகள், நாள் முழுக்கத் தூசிக்குள் நிற்பவரைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஒரு கருவி வைத்துத் தடத்தோரக் காற்றை அளக்கச் சொல்லக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அளந்தால் பொறுப்பு வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்று இப்போது நம்புகிறேன். இத்தனை ஆண்டு மௌனத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சுரங்க விதி வழக்கு எப்படி முடிந்தாலும் 50 மைக்ரோகிராம்தான் நம் தடக்குழுவுக்கும் வரம்பு என்பது இந்த இதழின் நிலை. தூசியடங்க மேல்தளத்தை ஈரமாக வைத்தால் பிடிப்பு போகிறது என்று ஓட்டுநர்கள் முறையிடுவார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், அழுத்தினால் சேறாகாமல் உடையும் ஈரத்தில் பிடிப்பு போகாது. போவது மேலே மட்டும் அவசரமாகத் தெளித்த தடத்தில்தான். மணல் மைதானத்தில் முன்தின மாலையிலேயே ஆழமாக நனைக்க வேண்டும். கிரேடருக்கு மூடிய கேபின் வேண்டும். அது இல்லாதவருக்கு முகத்தோடு பொருந்தும் என்95 வேண்டும். அடுத்த பருவ ஒப்பந்தத்தில் இரண்டாவது தண்ணீர் லாரிக்கான செலவைச் சந்தைக் குழுவின் பெயரில் எழுதுங்கள். மறுத்தால் அந்த மைதானத்தில் தடம் போட ஒப்பாதீர்கள்.