வராந்தாவில் நிற்கும் வாஷிங் மெஷின்



கட்கியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்கள். கணவருக்கு லே நகரத்திற்கு இடமாறுதல் ஆகிவிட்டது. சீட்டுக் கட்டி வாங்கிய வாஷிங் மெஷினையும் கொண்டுபோக வேண்டும். அங்கே வராந்தாவில்தான் இடம் கிடைக்கும். குளிரில் கெட்டுவிடுமோ என்று கேட்கிறார்கள்.

கட்கியிலும் நம்மில் பலர் மெஷினைக் காலரியில்தான் வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே நாம் பயப்படுவது மழைச்சாரலுக்கு. புனேயில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1.7 டிகிரிதான், அதுவும் 1935 ஜனவரியில். லே நகரமோ சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியையும் தாண்டுவது வழக்கம்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. துவைத்து முடித்தபின்பும் தண்ணீர் வரும் குழாயிலும், அதன் வால்விலும், கழிவுநீரைத் தள்ளும் பம்பிலும் சிறிது தண்ணீர் தங்கியிருக்கும். அது பனிக்கட்டியாகிப் பருக்கும்போது பிளாஸ்டிக் பாகங்கள் வெடிக்கின்றன. வெடிப்பு அன்றைக்குத் தெரியாது. உருகிய பிறகு ஒழுகும்போதுதான் தெரியும்.

கம்பளியும் தார்ப்பாயும் சுற்றினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். போதாது. கம்பளி நமக்குச் சூடு தருவது நம் உடம்பில் சூடு இருப்பதால். ஓடாமல் நிற்கும் மெஷினில் அது ஏது? உறைவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

ஆகவே ஒவ்வொரு முறை துவைத்தபின்பும் தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றிக் கவிழ்த்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கழிவுநீர் ஹோஸைத் தரைமட்டத்திற்கு இறக்குங்கள். முன்பக்கம் கதவுள்ள மெஷினானால், கீழே இருக்கும் பம்ப் வடிகட்டியையும் ஒரு தட்டு வைத்துத் திறந்து வடித்துவிட வேண்டும். அந்தக் கடைசிக் கால் லிட்டர்தான் ஆபத்து.

தவறிப்போய் உறைந்துவிட்டால் சுவிட்சைப் போடவே வேண்டாம். பம்ப் மோட்டார் கருகிவிடும். கொதிநீரும் ஊற்றாதீர்கள். சூடான அறைக்குள் நகர்த்தித் தானாக உருகவிட்டு, ஒழுக்கு உண்டா என்று பார்த்தபின் ஓட்டுங்கள்.

சகோதரியின் மெஷின் இரண்டு தொட்டியுள்ள சாதாரண வகையாம். நல்லதாயிற்று. பெரும்பாலும் அதில் பம்ப் இராது; ஹோஸை இறக்கினாலே தண்ணீர் தானாக வடிந்துவிடும். தாராளமாகக் கொண்டுபோகலாம். லாரியில் ஏற்றும் முன்பும் ஒருமுறை வடித்துவிடுங்கள், வழியிலேயே குளிர் தொடங்கிவிடும்.