அளந்தறிதலே அறிவு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில், எத்தியோப்பியா முதல் மொசாம்பிக் வரை பெரும் பள்ளத்தாக்கு ஒன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றது. அங்கே நிலத்தின் மேலோடு இருபுறமும் இழுபட்டு மெலிந்து வருகின்றது. அஃது ஆண்டொன்றில் அகலும் அளவு சில மில்லிமீட்டரே. ஆயினும், கோடிக்கணக்கான ஆண்டுகளாக இவ்வியக்கம் நிகழ்ந்து வருதலின், ஆழத்திலுள்ள வெம்மைமிக்க பாறை மேலோட்டை நெருங்கியுள்ளது. ஆங்காங்கே வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கின்றன. பாறை வெடிப்புகளில் நீராவி சீறுகின்றது.

இவ்வளவும் கண்ணுக்குப் புலனாகும்போது, நிலவெப்பத்தைப் பொருள் செலவிட்டு அளப்பது எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினா மேலோட்டமானது. கண்ணுக்குத் தெரியும் ஆவி, வெப்பம் உண்டு என்பதை மட்டுமே கூறும். எங்கு, எவ்வளவு என்பதைக் கூறாது.

கண்ட நிலப்பகுதியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்வது இயல்பு. அவ்வாறு சதுர மீட்டர் ஒன்றின் வழியே வெளிப்படும் வெப்பம் சராசரியாக 65 மில்லிவாட் அளவினது. ஆயிரம் சதுர மீட்டர் நிலத்தின் வெப்பத்தைத் திரட்டினும், அஃது ஒரு சிறு மின்விளக்கு கொள்ளும் ஆற்றலுக்கே ஈடாகும். இத்துணை நுண்ணிய ஓட்டத்தைக் கையால் தொட்டு உணர்தல் இயலாது. மேல்மண்ணின் சூடோ கதிரவன் தந்தது.

ஆதலின் அறிஞர் நிலத்தில் ஆழ்துளையிடுகின்றனர். துளையிடும்போது பாயும் நீரும் சேறும் பாறையின் இயல்பான வெப்பநிலையை மாற்றிவிடுமாதலால், அது மீண்டும் நிலைபெறும்வரை காத்திருக்கின்றனர். பின்னர் வெப்பமானியை இறக்கி, ஆழந்தோறும் வெப்பநிலையைக் குறிக்கின்றனர். துளையினின்று எடுத்த பாறைத்துண்டு வெப்பத்தை எவ்வளவு கடத்துகின்றது என்பதையும் ஆய்வுக்கூடத்தில் காண்கின்றனர். ஆழத்தோடு வெப்பநிலை உயரும் வீதத்தையும் இக்கடத்துதிறனையும் பெருக்கினால் வெப்ப ஓட்டத்தின் அளவு கிடைக்கும். எட்வர்டு புல்லார்டு என்னும் ஆங்கில அறிஞர், தென்னாப்பிரிக்காவில் இவ்வாறு கண்ட முடிவுகளை 1939ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிளவுப் பள்ளத்தாக்கிலுள்ள மலாவி ஏரியின் அடிச்சேற்றிலும் வெப்ப ஓட்டம் அளக்கப்பட்டு, அம்முடிவுகள் 1967இல் வெளிவந்தன.

ஓரிடத்து அளவைக் கொண்டு நாடு முழுவதையும் மதிப்பிடுதல் தகாது. கென்யாவில் பள்ளத்தாக்கின் இருமருங்கிலும் உள்ள மேட்டு நிலங்களில் வெப்ப ஓட்டம் ஏறக்குறைய இயல்பாகவே உள்ளது. பள்ளத்தாக்கினுள்ளோ ஓரிடத்தில் மிக்கும் மற்றோரிடத்தில் குறைந்தும் காணப்படுகின்றது. இதற்குக் காரணம் நிலத்தடி நீரே. மழைநீர் கீழிறங்கும் இடத்தில் பாறை குளிர்கின்றது. சூடேறிய நீர் மேலெழும் இடத்தில் வெப்பம் மிகுகின்றது. ஆகவே, குறைந்த அளவு கிடைத்த துளையைப் பயனற்றது என்று ஒதுக்குதல் பிழையாகும். நீர் இறங்கும் வழியைக் காட்டும் சான்று அதுவே.

இவ்வுண்மைக்குக் கென்யாவின் ஒல்காரியா தக்க எடுத்துக்காட்டாகும். 1950-களில் அங்கு இரு கிணறுகள் தோண்டப்பட்டன. ஆழத்தில் மிகுந்த வெப்பம் இருந்தும், வேண்டிய நீராவி மேலெழவில்லை, முயற்சி நின்றது. வெப்பத்தோடு, நீரும் அது பாயப் பாறையில் வெடிப்புகளும் வேண்டுமன்றோ? 1970-களில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையுடன் அப்பகுதி மீண்டும் ஆராயப்பட்டது. புதிய கிணறுகள் தோண்டப்பட்டன. 1981இல் 15 மெகாவாட் ஆற்றலுள்ள முதல் மின்னாக்கி இயங்கத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் கென்யா உண்டாக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு நிலவெப்பத்தினின்றே கிடைக்கின்றது. முதல் தோல்வியையே முடிவெனக் கொண்டிருந்தால், இப்பயன் அந்நாட்டு மக்களுக்குக் கிட்டியிராது.

அளத்தற்குச் செலவிடும் பொருளும் காலமும் வீணல்ல. ஒரு நாடு தன் நிலத்தைப் பல இடங்களில் அளத்தல் வேண்டும். விரும்பிய அளவு கிடைப்பினும் கிடையாவிடினும், கண்டதைக் கண்டவாறே குறித்து வைத்தலும் வேண்டும். அக்குறிப்பே பின்வருவோர் எங்குத் தோண்டுவது, எங்குத் தோண்டாது விடுவது என்பதைத் துணிவதற்கு உதவும்.